ஊர்தியை எண்ணுவதா, மக்களை எண்ணுவதா?

நுழையும்முன்

நகரச் சாலைகளில் ஊர்திகள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயினும், அந்நகர மக்கள் உரிய நேரத்தில் உரிய இடத்தைச் சென்றடைகிறார்களா என்பது தனி வினாவாகும். அவ்வினாவிற்கு விடை காணும் முறைகளை, ஐதராபாத் நகரின் நாச்சாரம் பகுதியைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

காதமும் நாழிகையும்

பழந்தமிழர் தொலைவைக் காதம் என்னும் அளவாலும் காலத்தை நாழிகை என்னும் அளவாலும் கணக்கிட்டனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம் ஆகும். வழி கேட்டு வந்தவருக்கு, 'இரண்டு நாழிகை நடந்தால் போதும்', 'பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்' என்று காலத்தைக் கொண்டே தொலைவைச் சொல்வதும் உண்டு. நடந்து செல்பவர் அறிய விரும்புவது, ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைவிட, எப்போது அதனைச் சென்றடையலாம் என்பதையே ஆகும். ஒரு நகரத்தின் போக்குவரத்தை அளக்கும்போதும் பயணியின் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாச்சாரம்

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில் ஹப்சிகூடா, தார்நாகா, மல்லாப்பூர், உப்பல் ஆகிய இடங்களுக்கு அருகில் அமைந்துள்ளது நாச்சாரம். தொழிற்பேட்டை, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, பள்ளிகள், குடியிருப்புகள் ஆகியவை இங்கே நெருங்கி அமைந்துள்ளன. ஆகவே, காலை வேளையில் மக்கள் இரு திசைகளிலும் செல்கின்றனர். தொழிற்சாலைப் பணிக்காக வெளியிலிருந்து நாச்சாரத்திற்கு வருவோர் ஒருபுறம். செகந்திராபாத், அமீர்பேட்டை போன்ற இடங்களுக்குப் படிக்கவும் பணியாற்றவும் புறப்படுவோர் மற்றொருபுறம்.

ஐதராபாத் மெட்ரோவின் முதற்பகுதி 2017 நவம்பரில் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. நாகோலில் தொடங்கும் நீலத் தடம் உப்பல், ஹப்சிகூடா, தார்நாகா, செகந்திராபாத், அமீர்பேட்டை வழியாக ராயதுர்க் வரை செல்கிறது. இத்தடம் நாச்சாரத்திற்குள் நுழையவில்லை. நாச்சாரத்து மக்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் பயணம் செய்து ஹப்சிகூடா நிலையத்தை அடைந்த பிறகே தொடர்வண்டியில் ஏற முடியும். இந்தச் சிறு தொலைவு, போக்குவரத்து அளவீட்டின் பல உண்மைகளை உணர்த்த வல்லது.

எதை எண்ணுவது?

1932 ஆம் ஆண்டில் நிஜாம் அரசின் இருப்புப்பாதைத் துறை 27 பேருந்துகளுடன் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. இன்றைய தெலங்கானா மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகிறது. பேருந்து அரிதாக இருந்த அக்காலத்தில், எத்தனை பேருந்துகள் ஓடின என்ற கணக்கே போதுமானதாக இருந்தது. பின்னர் நகரங்கள் விரிந்தன; மகிழுந்துகளும் இருசக்கர ஊர்திகளும் பெருகின. 'இச்சாலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஊர்திகள் செல்கின்றன?' என்று எண்ணும் வழக்கம் ஏற்பட்டது. சாலையை அகலப்படுத்துவதற்கும் மேம்பாலம் கட்டுவதற்கும் இக்கணக்கே அடிப்படையாயிற்று.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு. இரண்டு சாலைகளைக் கற்பனை செய்க. முதற்சாலையில் கால்மணி நேரத்தில் 300 மகிழுந்துகள் செல்கின்றன. ஒவ்வொன்றிலும் சராசரியாக 1.5 பேர் உள்ளனர். இரண்டாம் சாலையில் அதே நேரத்தில் 120 மகிழுந்துகளும், 45 பேர் வீதம் ஏற்றிய 12 பேருந்துகளும் செல்கின்றன. ஊர்திகளை எண்ணினால் முதற்சாலை 300, இரண்டாம் சாலை 132. ஆகவே, முதற்சாலையே மிகுதியாகப் பயன்படுவதாகத் தோன்றும். மக்களை எண்ணினால் முதற்சாலையில் சென்றோர் 450 பேர். இரண்டாம் சாலையில் சென்றோர் 720 பேர். எண்ணப்படும் பொருள் மாறியதும் முடிவும் தலைகீழாக மாறிவிடுகிறது.

இந்திய அரசு 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை இக்கருத்தையே வலியுறுத்துகிறது. ஊர்திகளை நகர்த்துதல் சாலையின் நோக்கமன்று. மக்களை நகர்த்துதலே நோக்கம் என்பது அக்கொள்கையின் சாரமாகும்.

வாயில் முதல் வாயில் வரை

மக்களை எண்ணுவது முதற்படி. அவர்களின் பயணத்தை முழுமையாக அளப்பது அடுத்த படி. நாச்சாரத்தில் வசிக்கும் பெண் ஒருவர் அமீர்பேட்டையில் உள்ள அலுவலகத்திற்குச் செல்கிறார் எனக் கொள்க. அவருடைய பயணத்தின் பகுதிகள் பின்வருமாறு அமையலாம்:

வீட்டிலிருந்து சாலைக்கு நடத்தல் – 8 நிமிடம்
ஷேர் ஆட்டோவிற்குக் காத்திருத்தல் – 7 நிமிடம்
ஹப்சிகூடா வரை ஆட்டோப் பயணம் – 12 நிமிடம்
படியேறி நடைமேடையை அடைதல் – 5 நிமிடம்
தொடர்வண்டிக்குக் காத்திருத்தல் – 4 நிமிடம்
அமீர்பேட்டை வரை மெட்ரோ பயணம் – 22 நிமிடம்
நிலையத்திலிருந்து அலுவலகத்திற்கு நடத்தல் – 7 நிமிடம்

மொத்தம் 65 நிமிடம். இதில் தொடர்வண்டியில் கழிந்தது 22 நிமிடமே. அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஏறக்குறைய 12 கிலோமீட்டரை 22 நிமிடத்தில் கடக்கும் தொடர்வண்டியின் வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர் எனக் கணக்கிடலாம். ஆனால், வீட்டு வாயிலிலிருந்து அலுவலக வாயில் வரையுள்ள ஏறக்குறைய 15 கிலோமீட்டரைக் கடக்க அப்பெண்ணுக்கு 65 நிமிடம் ஆகிறது. அவருடைய பயண வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர் மட்டுமே.

தொடர்வண்டியின் வேகத்தை மேலும் உயர்த்தினாலும் அவருக்குப் பெரும்பயன் விளையாது. ஹப்சிகூடாவிற்கு ஒழுங்கான இணைப்புப் பேருந்து இருந்தால், ஆட்டோவிற்குக் காத்திருக்கும் நேரம் குறையும். தடையற்ற நடைபாதை இருந்தால், நடக்கும் நேரம் குறையும், அச்சமும் குறையும். பயணத்தின் எந்தப் பகுதியில் காலம் வீணாகிறது என்பதைக் கண்டறிந்த பின்னரே எங்கே செலவிட வேண்டும் என்பது விளங்கும்.

காத்திருப்பின் கணக்கு

பயணத்தில் மிக நீண்டதாகத் தோன்றும் பகுதி காத்திருப்பே. அதனை அளப்பதில் ஒரு நுட்பம் உள்ளது. ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பேருந்துகள் இயங்குகின்றன எனக் கொள்க. அவை சீராகப் பத்து நிமிடத்திற்கு ஒன்றாக வந்தால், நிறுத்தத்திற்கு ஏதேனும் ஒரு நேரத்தில் வரும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார்.

சாலை நெரிசலால் முன்னே சென்ற பேருந்து தாமதமாகும். தாமதமாகும்தோறும் அடுத்தடுத்த நிறுத்தங்களில் கூட்டம் பெருகும். கூட்டத்தை ஏற்றுவதால் தாமதம் மேலும் கூடும். பின்னே வரும் பேருந்திற்கோ ஏறுவோர் குறைவு. அது விரைந்து வந்து முன்னதை எட்டிவிடும். நெடுநேரம் வராத பேருந்து, வரும்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வருவதன் காரணம் இதுவே.

இவ்வாறு, பேருந்துகளுக்கிடையே 2 நிமிடம், 18 நிமிடம் என இடைவெளி மாறி மாறி அமைகிறது எனக் கொள்க. அப்போதும் மணிக்கு ஆறு பேருந்துகளே இயங்குகின்றன. ஆனால், நிறுத்தத்திற்கு வருவோரில் பத்தில் ஒன்பது பேர் நீண்ட இடைவெளியில்தான் வந்து சேர்வர். அவர்களின் சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். எஞ்சிய ஒருவரின் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம். பத்துப் பேருக்குமான சராசரி 8.2 நிமிடம் ஆகிறது. பணிமனைப் பதிவேட்டில் எந்த மாற்றமும் இல்லை. நிறுத்தத்தில் நிற்பவருக்கோ 3.2 நிமிடம் கூடுதல் இழப்பு.

இந்தக் கூடுதல் காத்திருப்பு நேரத்தையே இலண்டன் மாநகரம், அடிக்கடி இயங்கும் பேருந்துத் தடங்களுக்கு அளவுகோலாகக் கொண்டுள்ளது. தமிழர் வாழும் சிங்கப்பூரிலும் 2014 ஆம் ஆண்டு முதல் இவ்வளவீடு நடைமுறையில் உள்ளது. பேருந்து ஓடியதா என்பதுடன், சீரான இடைவெளியில் ஓடியதா என்பதும் அங்கே கேட்கப்படுகிறது.

சராசரி மறைக்கும் உண்மை

நாச்சாரம் தொழிற்பேட்டைக்கு வரும் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு வழிகள் உள்ளன எனக் கொள்க. முதல்வழியில் ஐந்து நாள்களில் அவருக்கு ஆன நேரம் 60, 62, 58, 61, 94 நிமிடங்கள். இரண்டாம் வழியில் 70, 71, 69, 70, 70 நிமிடங்கள். முதல்வழியின் சராசரி 67 நிமிடம்; இரண்டாம் வழியின் சராசரி 70 நிமிடம். சராசரியை மட்டும் நோக்கினால் முதல்வழியே சிறந்தது.

காலைப் பணி தொடங்கும் நேரத்திற்குள் வாயிலைக் கடக்காவிட்டால் கூலி குறையும் என்னும் நிலையில் உள்ளவர் அவ்வாறு கருத மாட்டார். முதல்வழியை நம்பினால், நாள்தோறும் 94 நிமிடம் முன்னதாகவே புறப்பட வேண்டும். இரண்டாம் வழியில் 71 நிமிடம் போதும். எனவே, பயண நேரத்தைப் போலவே அதன் நம்பகத்தன்மையும் அளக்கப்பட வேண்டும். வீட்டிலிருந்தும் பணியாற்றக்கூடியவருக்கு அரைமணித் தாமதம் ஒரு சிறு தொல்லை. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு அது ஒரு வேளை உணவு.

நிறைந்த பேருந்து நல்ல பேருந்தா?

போக்குவரத்துக் கழகங்கள் தமக்கெனச் சில அளவுகளை வைத்துள்ளன. ஒரு கிலோமீட்டருக்குக் கிடைக்கும் வருவாய், ஒரு லிட்டர் எரிபொருளில் ஓடும் தொலைவு, இருக்கைகள் நிரம்பும் விழுக்காடு ஆகியவை அவற்றுள் அடங்கும். பொதுப்பணத்தைக் காப்பதற்கு இவை தேவையானவை. ஆயினும், இவை பயணியின் நோக்கில் அமைந்தவை அல்ல. இருக்கைகள் நிரம்பி, படிக்கட்டுவரை மக்கள் நிற்கும் பேருந்து கணக்கேட்டில் நல்ல பேருந்து. கையில் குழந்தையுடன் நிறுத்தத்தில் நிற்கும் தாய்க்கோ அது ஏற முடியாத பேருந்து.

இரு நோக்குகளையும் இணைக்கும் முயற்சியாக, நடுவண் அரசின் நகர்ப்புற மேம்பாட்டு அமைச்சகம் நகரப் போக்குவரத்திற்குச் சேவைத்தர அளவுகோல்களை வகுத்தது. ஒவ்வொரு கூறும் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல்நிலை மிகச் சிறந்தது. நான்காம் நிலை மிகத் தாழ்ந்தது. ஆயிரம் மக்களுக்கு 0.6 பேருந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல்நிலை. சராசரிக் காத்திருப்பு 4 நிமிடத்திற்குள் இருந்தால் முதல்நிலை. 4 முதல் 6 நிமிடம்வரை இரண்டாம் நிலை. 6 முதல் 10 நிமிடம்வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காம் நிலை. நடைபாதை, சாலைப் பாதுகாப்பு, காற்றுமாசு ஆகியவற்றுக்கும் தனித்தனி அளவுகோல்கள் உள்ளன.

முன்னர்க் கண்ட கணக்கை இதனுடன் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சீராக வரும் பேருந்துகளின் 5 நிமிடக் காத்திருப்பு இரண்டாம் நிலை. சீரற்று வருவனவற்றின் 8.2 நிமிடக் காத்திருப்பு மூன்றாம் நிலை. ஒரு பேருந்துகூடக் குறையாமலேயே சேவையின் தரம் ஒரு படி இறங்கிவிட்டது.

எண்ணப்படாத பயணம்

இதுவரை கூறியவை அனைத்தும் நிகழ்ந்த பயணங்களைப் பற்றியவை. நிகழாமற்போன பயணங்களும் உள்ளன. இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்கு வர வேண்டிய முதியவர், இரண்டு ஊர்திகள் மாற வேண்டுமே என்று வீட்டிலேயே தங்கிவிடலாம். இரவுப்பணி முடிந்து திரும்பப் பேருந்து இல்லை என்பதால், ஒரு பெண் அதிக ஊதியமுள்ள வேலையை மறுத்துவிடலாம். இவர்கள் பயணச்சீட்டு வாங்கவில்லை, நெரிசலிலும் நிற்கவில்லை. ஆகவே, எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. போக்குவரத்து அமைப்பின் பெருங்குறை, அதைப் பயன்படுத்த முடியாதவர்களிடமே மறைந்திருக்கிறது.

இதற்குத் தெலங்கானாவிலேயே ஒரு சான்று உண்டு. 2023 டிசம்பர் 9 அன்று மகாலட்சுமித் திட்டத்தின்கீழ் அம்மாநிலப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலேயே இத்தகைய திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரு மாநிலங்களிலும் பேருந்தில் ஏறும் பெண்களின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. கட்டணம் என்னும் தடை பல பயணங்களைத் தடுத்து வைத்திருந்தது என்பதை இவ்வுயர்வு காட்டுகிறது. அதே வேளையில், ஏறுவோர் பெருகும்போது பேருந்துகளும் பெருகாவிட்டால் நெரிசல் மிகும். ஓர் அளவு உயர்வதைக் கண்டு மகிழும்போதே மற்றோர் அளவு தாழ்கிறதா என்பதையும் நோக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளும் இக்கருத்தை ஏற்றுள்ளன. குடியிருக்கும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் பேருந்து நிறுத்தமோ, ஒரு கிலோமீட்டருக்குள் தொடர்வண்டி நிலையமோ உள்ள மக்கள் எத்தனை விழுக்காட்டினர் என்று அவை கணக்கிடச் சொல்கின்றன. பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இவ்வசதி கிடைக்கிறதா என்பதையும் தனித்தனியே காண வேண்டும் என்கின்றன.

அளவீடு எதற்கு?

பேருந்துக் கழகம் பேருந்துப் பயணிகளை எண்ணுகிறது. மெட்ரோ நிறுவனம் மெட்ரோ பயணிகளை எண்ணுகிறது. ஆட்டோவிற்காகச் சாலையோரத்தில் கழியும் ஏழு நிமிடத்தை எண்ணும் பொறுப்பு இவ்விரண்டில் எதற்கும் இல்லை. பயணியின் பார்வையில் பயணம் ஒன்றே. அமைப்புகளின் பார்வையில் அது பல துண்டுகள். இக்குறையை நீக்கவே பல போக்குவரத்து அமைப்புகளையும் ஒருங்கிணைக்கும் குழுமங்கள் தேவைப்படுகின்றன. சென்னைப் பெருநகருக்கென ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தை அமைக்க 2010 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பேருந்து, புறநகர்த் தொடர்வண்டி, மெட்ரோ ஆகியவற்றை ஒரே வலையமைப்பாகக் கருதித் திட்டமிடுவது அதன் நோக்கமாகும்.

அளப்பதனாலேயே பேருந்து விரைந்து வந்துவிடாது. ஆனால், எது அளக்கப்படுகிறதோ அதற்கே நிதி ஒதுக்கப்படுகிறது, அதுவே சீர்செய்யப்படுகிறது. ஊர்திகளை மட்டும் எண்ணும் நகரம் ஊர்திகளுக்காகச் சாலை அமைக்கும். மக்களின் நேரத்தை எண்ணும் நகரம் நடைபாதையையும் நிழற்குடையையும் இணைப்புப் பேருந்தையும் நாடும். நாச்சாரத்து நிறுத்தத்தில் காலையில் நிற்பவர், தாம் எப்போது போய்ச் சேருவோம் என்பதை ஐயமின்றிச் சொல்ல முடியுமானால், அந்நகரத்தின் போக்குவரத்து நன்கு இயங்குகிறது எனலாம்.

சொல்லும் பொருளும்

அளவுகோல் – அளக்க உதவும் கருவி அல்லது நெறி
தடம் – வழி, ஊர்தி செல்லும் பாதை
பணிமனை – பேருந்துகள் நிறுத்தப்பட்டுப் பராமரிக்கப்படும் இடம்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
நம்பகத்தன்மை – நம்பத்தக்க தன்மை
நிழற்குடை – பயணியர் நிற்பதற்கான கூரையுடைய நிறுத்தம்

இலக்கணக் குறிப்பு

நகர்த்துதல், காத்திருத்தல் – தொழிற்பெயர்கள்
எண்ணப்படாத – எதிர்மறைப் பெயரெச்சம்
விரைந்து – வினையெச்சம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஒரு நாழிகை என்பது ______ நிமிடம்.
2. நாகோலிலிருந்து ராயதுர்க் வரை செல்லும் மெட்ரோ தடம் ______.
3. தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வெளியான ஆண்டு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து வருவதற்குக் காரணம் யாது?
2. 'கணக்கேட்டில் நல்ல பேருந்து' எது? அது பயணிக்கு நல்லதாகாதது ஏன்?
3. பயண நேரத்தின் சராசரி மட்டும் போதாது என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

இ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.
'நிகழாமற்போன பயணங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும்' – இக்கூற்றைப் பாடக்கருத்துகளின் துணையுடன் நிறுவுக.

ஈ. களப்பணி
பெரியவர் ஒருவரின் துணையுடன் உங்கள் பகுதியில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் இருந்து, ஒரு தடத்தின் பேருந்துகள் வந்த நேரங்களைக் குறிக்க. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிகளைப் பட்டியலிட்டு, சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுக. அது எந்தச் சேவைத்தர நிலையில் அமைகிறது என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.